வாயிலில் நின்ற பாட்டு

நுழையும்முன்

கோயிலுக்குள் ஒலிக்கும் முழவுக்குத் தோல் கொடுத்தவர் அந்தக் கோயிலுக்குள் செல்ல இயலவில்லை. இந்த முரணைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் காப்பியப் புலவர் ஒருவர் பாடினார். ஏழு நூற்றாண்டுகளுக்குப் பின் பாட்டும் இசையும் ஒருங்கே வல்ல ஒருவர் அதனை மீண்டும் எடுத்தார். தடுத்து நின்றவர் யார் என்பதையும் சேர்த்துப் பாடினார். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளில் பக்தியும் ஒதுக்கப்பட்டோர்மீது கொண்ட பரிவும் எவ்வாறு ஒன்றாயின என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

குன்றத்தூர்ச் சாலை

தாம்பரத்திலிருந்து வடக்கே வந்தால் குரோம்பேட்டை. அவ்வூரின் பெயரே குரோம் லெதர் என்னும் தோல் தொழிற்சாலையால் வந்தது. அதனை அடுத்துப் பல்லாவரம். அங்கிருந்து மேற்கே திரும்பும் சாலை, தோல் பதனிடும் கூடங்களுக்குப் பெயர்பெற்ற பம்மலையும் நெசவாளர் வாழும் அனகாபுத்தூரையும் கடந்து, அடையாற்றைத் தாண்டிக் குன்றத்தூரை அடைகிறது. பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பிறந்த ஊர் அது. சோழ நாட்டுத் திருநாகேச்சரத்தின்பால் கொண்ட அன்பினால், அதே பெயரில் தம் ஊரிலும் அவர் ஒரு கோயில் எடுப்பித்தார். நாள்தோறும் பேருந்துகளில் இவ்வழியே சென்று வருவோர் பலர். தோலும் கோயிலும் ஒரே சாலையில் அமைந்திருப்பது தற்செயலே. ஆயினும், நந்தனாரின் கதையை எண்ணியவாறு இச்சாலையில் செல்வோர்க்கு அது தற்செயலாகத் தோன்றுவதில்லை.

இரண்டாம் குலோத்துங்கச் சோழனின் அமைச்சராக விளங்கியவர் சேக்கிழார். சுந்தரர் தம் திருத்தொண்டத்தொகையில் ஒரே அடியில் குறிப்பிட்ட திருநாளைப்போவாரின் வரலாற்றை அவர் 37 பாடல்களில் விரித்துரைத்தார். அரசவையில் வாழ்ந்த ஒருவர், கொள்ளிடக்கரை ஆதனூரின் சேரியைப் பாடும்போது காட்டும் கவனம் வியப்புக்குரியது. சுரைக்கொடி படர்ந்த பழங்கூரைகள், முற்றத்துக் கோழிக்குஞ்சுகள், மாமரக் கிளைகளில் தொங்கும் பறைகள் என ஒவ்வொன்றையும் அவர் உற்று நோக்கியிருக்கிறார். (தாம்பரத்துக்குத் தெற்கே ஊரப்பாக்கத்தை ஒட்டியும் ஓர் ஆதனூர் உண்டு. அவ்வூர் வேறு, பெயர் ஒற்றுமையைக் கொண்டு மயங்குதல் கூடாது.)

அச்சேரியில் வாழ்ந்த நந்தனாரின் தொண்டு இன்னதென்று சேக்கிழார் தெளிவாகச் சொல்கிறார். கோயில்களில் முழங்கும் பேரிகை முதலிய கருவிகளுக்குப் போர்வைத் தோலும் வாரும் அளித்தல், வீணைக்கும் யாழுக்கும் நரம்பு அளித்தல், வழிபாட்டுக்குக் கோரோசனை அளித்தல் ஆகியன அத்தொண்டு. ஆக, கோயிலில் எழும் இசையில் ஒரு பங்கு அவருடையது. அவர் கொடுத்த தோல் கருவறைக்கு எதிரே முழங்கிற்று. அவரோ வாயிலுக்கு வெளியே நின்று ஆடிப் பாடினார். இதைவிடக் கூர்மையாக ஒரு சமூகத்தின் முரணைக் காட்டுதல் அரிது.

எனினும், சேக்கிழாரின் நந்தனாரைத் தில்லைக்குச் செல்லவிடாமல் தடுப்பது அவருடைய உள்ளமே. தம் பிறப்பை எண்ணித் தயங்குகிறார். ஆவல் எழும்போது, 'நாளைப் போவேன்' என்கிறார். மறுநாளும் அதையே சொல்கிறார். நாள்கள் கழிகின்றன. அவரை ஊரில் கட்டி வைத்திருப்பவர் என்று எவரும் கதையில் இல்லை.

பாடலும் பாடகரும்

கோபாலகிருஷ்ண பாரதியார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில், இசையறிந்த குடும்பத்தில் பிறந்தார். முடிகொண்டானிலும் ஆனந்ததாண்டவபுரத்திலும் வாழ்ந்தார். மாயூரத்தில் கோவிந்த யதி என்னும் துறவியிடம் வேதாந்தம் பயின்றார். திருவிடைமருதூரில் இராமதாசர் என்பவரிடம் இந்துஸ்தானி இசை கற்றார். திருமணம் செய்துகொள்ளவில்லை. தியாகராசரைத் திருவையாற்றில் கண்டதாகவும், அங்கே ஆபோகி இராகத்தில் ஒரு கீர்த்தனை இயற்றிப் பாடியதாகவும் வழங்கும் செய்தி இசையுலகில் நன்கு அறியப்பட்டது.

இயற்பகை நாயனார், திருநீலகண்ட நாயனார், காரைக்கால் அம்மையார் ஆகியோர் வரலாறுகளையும் அவர் கீர்த்தனைகளாகப் பாடியுள்ளார். இவற்றை எல்லாம் விஞ்சி நின்றது நந்தனார் சரித்திரம். கீர்த்தனை, நொண்டிச்சிந்து, இருசொல்லலங்காரம், கும்மி, வெண்பா எனப் பலவகை உருப்படிகள் அதில் விரவி வருகின்றன. கதை விரைந்து செல்ல வேண்டிய இடங்களில் சிந்து வரும். ஒரு கணம் நின்று உருக வேண்டிய இடங்களில் கீர்த்தனை வரும். சொற்கள் வயலிலும் திண்ணையிலும் வழங்கியவை. ஆண்டை, பண்ணை, சேரி என்னும் சொற்கள் சைவசித்தாந்தச் சொற்களுக்குப் பக்கத்திலேயே இடம்பெறுகின்றன.

வேதியரும் விடுப்பும்

பாரதியார் செய்த பெருமாற்றம் ஒன்று. பெரியபுராணத்தில் இல்லாத ஒருவரை அவர் கதைக்குள் கொண்டுவந்தார். அவர்தாம் நந்தனாரின் ஆண்டையாகிய வேதியர். நந்தனார் மார்கழித் திருவாதிரைக்குத் தில்லை செல்ல விடை கேட்கிறார், வேதியர் மறுக்கிறார். அம்மறுப்பு வெறும் மறுப்பன்று. நந்தனாரின் உணவையும் பிறப்பையும் சுட்டி இழித்துரைத்து, உனக்குத் திருநாள் ஒரு கேடா என்னும் தொனியில் அவர் பேசுகிறார். பின்னர், நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுப் போ என்று நிபந்தனை விதிக்கிறார். ஒரு வேலி என்பது ஆறரை ஏக்கருக்கும் சற்று மிகுதி. அதாவது, ஏறத்தாழ 265 ஏக்கர் நிலத்தின் உழைப்பை ஒருவர்மீது சுமத்தி, அதன் பிறகே இறைவனைக் காணலாம் என்கிறார்.

இங்கே, 'நாளை' என்னும் சொல்லின் பொருளே மாறிவிடுகிறது. சேக்கிழாரிடத்தில் அது தயங்கும் பக்தரின் சொல். பாரதியாரிடத்திலோ அது விடுப்புக் கிடைக்காத பண்ணையாளின் சொல். ஒருவர் தம் தெய்வத்தைக் காணப் போகாமல் இருப்பதற்குக் காரணம் அவருடைய மனத்தயக்கம் அன்று. அவருடைய நாள்கள் பிறர் ஒருவருக்கு உரிமையாக இருந்தன என்பதே காரணம். தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளுக்கும் ஓர் உரிமையாளர் இருந்தார் என்பதைப் பாட்டில் வைத்தமையே பாரதியாரின் பரிவு என்று கருதுகிறோம். இரக்கச் சொற்களை அடுக்குவதைக் காட்டிலும் இது கடினமான பணி.

இக்கற்பனைக்கு அடிப்படை அவர் கண்முன்னே இருந்தது. காவிரிப் படுகையின் மிராசுதாரர் ஊர்களில் வாழ்ந்தவர் அவர். அடிமைமுறைக்குச் சட்டத்தின் ஏற்பு இல்லை என்று 1843இல் ஆங்கிலக் கும்பினி அரசு சட்டம் இயற்றியது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் மனிதரை அடிமையாக வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கியது. சட்டம் மாறியும் பண்ணையில் பெரும் மாற்றம் இல்லை. கடனாலும் குடிசை மனையாலும் பண்ணையாள் கட்டுண்டிருந்தார். அதே காலத்தில் நாகப்பட்டினத்திலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பலேறி இலங்கை, பினாங்கு, ரீயூனியன் எனப் பல நாடுகளுக்கு மக்கள் கூலிகளாகச் சென்றுகொண்டிருந்தனர். நந்தனார் சரித்திரம் முதலில் அச்சேறியதும் அக்காரைக்காலில்தான். 1860களின் தொடக்கத்தில் பிரெஞ்சு அதிகாரி ஒருவரின் ஆதரவில் அந்நூல் வெளிவந்தது.

கதையின்படி, நாற்பது வேலி நிலத்தின் வேலையையும் சிவபெருமானின் பூதகணங்கள் ஒரே இரவில் முடித்துவிடுகின்றன. விடிந்ததும் விளைந்து நிற்கும் வயலைக் கண்ட வேதியர் திகைக்கிறார். நந்தனாரின் பெருமையை உணர்ந்து அவரை வணங்குகிறார். ஆண்டை பண்ணையாளை வணங்கும் காட்சியை அன்றைய கேட்போர் எவ்வாறு ஏற்றனர் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. பாரதியாருக்கு அது வேதாந்தத்தின் இயல்பான முடிவு. எல்லா உயிரிலும் ஒன்றே உறைகிறது என்று கற்றவர், அதனைச் சேற்றுவயலின் வரப்பில் வைத்துப் பார்த்தார்.

நந்தி விலகியது

திருப்புன்கூர் வைத்தீசுவரன்கோயிலுக்கு அருகில் உள்ளது. அங்குள்ள சிவலோகநாதர் கோயிலில் நந்தி, கருவறைக்கு நேராக இல்லாமல் சற்று விலகியிருப்பதை இன்றும் காணலாம். வெளியே நின்ற நந்தனாருக்குக் காட்சி மறைந்ததால், இறைவன் நந்தியை விலகச் செய்தான் என்பது வரலாறு. இந்நிகழ்ச்சியைப் பாரதியார் இரண்டு பாடல்களில் அமைக்கிறார். ஒன்று, நாட்டைக்குறிஞ்சி இராகத்தில் நந்தனாரின் முறையீடு. கல்மலைபோல் எதிரே ஏதோ மறைக்கிறதே என்னும் ஏக்கம். மற்றொன்று, பூர்விகல்யாணி இராகத்தில் இறைவனின் குரல். தன் வாகனத்திடமே, அடியவர் காணும்படி சிறிது ஒதுங்கி இருக்குமாறு அன்பொடு கேட்டுக்கொள்கிறான்.

இறைவனின் அக்குரலில் கட்டளையின் கடுமை இல்லை என்பது நோக்கத்தக்கது. வேதியரின் வாய்மொழியில் அதிகாரமும் இழிவுரையும் நிறைந்திருக்க, அனைத்துக்கும் மேலான ஆண்டவனின் வாய்மொழியோ ஒரு பிள்ளையிடம் பேசுவதுபோல் மென்மையாக அமைகிறது. இவ்விரண்டு குரல்களையும் அடுத்தடுத்துக் கேட்பவர்க்கு விளக்கவுரை தேவையில்லை.

மற்றொரு புகழ்பெற்ற உருப்படி மாஞ்சி இராகத்தில் அமைந்த 'வருகலாமோ'. உள்ளே வரலாமா என்று வெளியே நின்று கேட்கும் வினாவே அப்பாடல். மாஞ்சி, பைரவியை ஒத்த சாயலுடையது. விரைவுக்கு இடந்தராமல், ஒவ்வொரு சுரத்திலும் தயங்கித் தயங்கிச் செல்வது. வாயிற்படியருகே நிற்பவரின் கால்களைப் போல அந்த இராகமும் ஓர் அடி முன்வைத்து ஓர் அடி பின்வாங்குகிறது.

கதை சொல்லும் பாகவதர் இப்பாடலைப் பாடும்போது, தன்மை இடத்தில் நின்றுதான் பாடியாக வேண்டும். அவர் எக்குலத்தவர் ஆயினும், அந்தச் சில நிமிடங்களுக்கு அவரே வாயிலில் தடுக்கப்பட்டவர். 'அவன் கேட்டான்' என்று பாடினால் பாட்டு நிற்காது. பாடுபவரை வெளியே நிறுத்திவிடும் இந்த அமைப்பை உரைநடையில் உண்டாக்குதல் எளிதன்று.

திண்ணையில் ஒரு நண்பகல்

நந்தனார் சரித்திரத்துக்குச் சிறப்புப்பாயிரம் பெறுவதற்காகப் பாரதியார், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அணுகினார். பிள்ளையவர்கள் மாயூரத்தில் வாழ்ந்த காலம் அது. நூலில் இருந்த இலக்கண வழுக்களும் மூலக்கதையிலிருந்து விலகிய பகுதிகளும் அவருக்கு உடன்பாடாக இல்லை. மறுத்துரைக்க மனமின்றி, பிறகு பார்க்கலாம் என்று நாள்களைக் கடத்தி வந்தார். பாரதியாரும் சலியாமல் வந்து வந்து திரும்பினார்.

ஒருநாள் நண்பகல், பிள்ளையவர்கள் உணவுக்குப்பின் உறங்கிக்கொண்டிருந்தார். வந்த பாரதியார் அவரை எழுப்ப விரும்பாமல் வெளித்திண்ணையில் அமர்ந்தார். பொழுதுபோக்கத் தம் கீர்த்தனை ஒன்றைத் தமக்குள்ளே மெல்லப் பாடத் தொடங்கினார். பாடப்பாடத் தம்மை மறந்தார். உள்ளே கண்விழித்த பிள்ளையவர்களின் செவியில் அவ்விசை விழுந்தது. தில்லையம்பலவனைக் காண ஏங்கும் நந்தனாரின் குரலை அவர் அதில் கேட்டார், கண்ணீர் பெருகியது. இலக்கணத் தடை அத்துடன் நீங்கிற்று. வெளியே வந்து பாரதியாரைத் தழுவிய அன்புடன் சிறப்புப்பாயிரம் அளித்தார்.

இச்செய்தியை நமக்கு அளித்தவர் உ.வே.சாமிநாதையர். பிள்ளையவர்களிடம் தமிழ் கற்க மாயூரம் சென்ற இளைஞரான அவர், அங்கே பாரதியாரிடம் சிலகாலம் இசையும் கற்றார். இசையில் ஈடுபட்டால் தமிழ்ப்பயிற்சி குறையும் என்று ஆசிரியர் எண்ணியதால் அப்பாடம் நின்றது. இருவரையும் அறிந்த மாணவர் என்பதால், அவர் எழுதிய குறிப்புகளில் இருவர்பாலும் அன்பு தெரிகிறது. அவர் குறிப்பால்கூடச் சுட்டாத ஒன்று உண்டு. நாளை வா, நாளை வா என்று வாயிலில் காத்திருக்க வைக்கப்பட்டவரைப் பாடிய புலவர், அப்பாட்டுக்கு ஏற்புப் பெறுவதற்காகத் தாமும் ஒரு திண்ணையில் காத்திருந்தார்.

தெரிந்து தெளிவோம்: 'சுயராச்சியம்' வேண்டும் என்று கேட்கும் இந்தியனை ஆங்கிலேய அதிகாரி ஏளனம் செய்வதாகச் சுப்பிரமணிய பாரதியார் ஒரு பாடல் இயற்றினார். 'தொண்டு செய்யும் அடிமை' என்னும் அப்பாடலுக்கு அவர் தேர்ந்த மெட்டு, நந்தனாரை வேதியர் இழித்துரைக்கும் கீர்த்தனையின் மெட்டு. அடக்குவோர் பேசும் குரல் எங்கும் ஒன்றே என்பதை மெட்டைக் கொண்டே அவர் உணர்த்திவிட்டார்.

பரவியதும் பரவாததும்

தஞ்சாவூர்க் கிருஷ்ண பாகவதர் முதலியோரின் கதாகாலட்சேபங்கள் வழியாக நந்தனார் சரித்திரம் தமிழகமெங்கும் பரவியது. 1935இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' திரைப்படத்தில் கே.பி.சுந்தராம்பாள் நந்தனாராகவும், மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராகவும் நடித்தனர். அதற்காகச் சுந்தராம்பாள் பெற்ற ஊதியம் 1,00,000 ரூபாய் என்பது அந்நாளில் பெருஞ்செய்தியாயிற்று. 1942இல் ஜெமினி நிறுவனத்தின் 'நந்தனார்' படத்தில் தண்டபாணி தேசிகர் அப்பாத்திரத்தை ஏற்றார். கதை கேட்ட கூட்டங்கள் அழுதன, திரையரங்குகளும் அழுதன.

கோயில் வாயில்கள் அதற்காகத் திறந்துவிடவில்லை. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்டோர் நுழைந்தது 1939இல். சென்னை மாகாணம் முழுமைக்குமான ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1947இல். காரைக்காலில் நூல் அச்சேறியதற்கும் இச்சட்டத்துக்கும் இடையே எண்பது ஆண்டுகளுக்கும் மேலாகிறது. அத்தனை காலமும் மக்கள் நந்தனாருக்காக உருகிக்கொண்டே இருந்தனர் என்பதை மறைப்பதற்கில்லை.

பாரதியாரின் படைப்பிலேயே அதற்கான காரணம் ஓரளவு இருக்கிறது என்று பிற்காலத்தார் கூறியுள்ளனர். அவர் வேதியரைப் புகுத்தினார். ஆனால் முடிவை மாற்றவில்லை. மூலக்கதையில் உள்ளவாறே நந்தனார் தீயில் மூழ்கி, முனிவர் கோலத்தில் எழுந்த பின்னரே தில்லைக்குள் செல்கிறார். மாற வேண்டியது வாயிலா, வந்தவரா என்னும் வினா அங்கே எழுகிறது. சேரி மக்கள் வணங்கும் தெய்வங்களும் அவர்களின் வழிபாடும் இந்நூலில் தாழ்வாகவே காட்டப்படுகின்றன. பரிவுடைய புலவரின் பார்வையிலும் இந்தக் குறை உண்டு. புதுமைப்பித்தனின் 'புதிய நந்தன்', இந்திரா பார்த்தசாரதியின் 'நந்தன் கதை' ஆகிய படைப்புகள், பாரதியார் விட்ட இடத்தில் இவ்வினாக்களை எடுத்துக்கொண்டன.

செயலால் விடை தேடியவரும் உண்டு. ஆரணிக்கு அருகில் ஒடுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்த சுவாமி சகஜானந்தர், நந்தனார் உள்ளே செல்லக் காத்திருந்த அதே சிதம்பரத்தில் 1916இல் நந்தனார் பெயரால் ஒரு பள்ளியைத் தொடங்கினார். பின்னர்ச் சட்டமன்ற உறுப்பினராகவும் பணியாற்றினார். பண்ணை வேலைக்கு மட்டும் உரியவர் என்று கருதப்பட்டவர்களின் பிள்ளைகள் அங்கே எழுத்தறிந்தனர்.

மார்கழியில் இன்று சென்னை அரங்குகளிலும், தெற்கே நங்கநல்லூர், குரோம்பேட்டைப் பகுதிச் சபைகளிலும் 'வருகலாமோ' பாடப்படுகிறது. பெரும்பாலும் கச்சேரியின் பிற்பகுதியில், நீண்ட உருப்படிகள் முடிந்த பிறகு அது வரும். கதையின் அடுத்த காட்சி அங்கே பாடப்படுவதில்லை. பாடகர் பல்லவியின் வினாவுக்குத் திரும்பி வந்து, அதனோடு நிறுத்துகிறார். பக்கத்தில் மிருதங்கம் ஓய்கிறது. அதன் தோல் எங்கிருந்தோ, யாரோ ஒருவர் பதப்படுத்திக் கொடுத்தது.

கற்பவை கற்றபின்

உங்கள் பகுதியில் மிருதங்கம், தவில், பறை ஆகியவற்றுக்குத் தோல் கட்டும் கைவினைஞர் ஒருவரைச் சந்தித்து, அவர்தம் தொழில்முறையைக் கேட்டறிந்து ஒருபக்க அளவில் எழுதுக.

பெரியபுராணத்தின் திருநாளைப்போவார் வரலாற்றையும் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளின் கதையையும் ஒப்பிட்டு, வேதியர் என்னும் பாத்திரம் இல்லையெனில் கதையின் பொருள் எவ்வாறு மாறும் என்பது குறித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.